எழுதுகோலால் கடன் தீர்த்தவர்

முன்னோர் வாழ்ந்த காலத்தைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்தும் கதைகளை வரலாற்றுப் புதினங்கள் என்பர். இடிந்த கோட்டைகளும் மறைந்த மன்னரும் மறக்கப்பட்ட போர்க்களங்களும் அவற்றில் மீண்டும் உயிர் பெறுகின்றன. இத்தகைய கதைகளைப் படிப்போர் உள்ளத்தில் இரண்டு வினாக்கள் எழுவது இயல்பு. இவை யாவும் மெய்யாகவே நிகழ்ந்தனவா என்பது ஒன்று. தம் மனத்தைக் கவர்ந்த தலைவிக்கு ஏன் இத்தகைய முடிவு நேர்ந்தது என்பது மற்றொன்று. இவ்வினாக்களுக்கு விடை கூறுவது தம் கடமை என உணர்ந்து, நோயும் வறுமையும் சூழ்ந்த இறுதிக் காலத்தில் அக்கடமையை நிறைவேற்றியவர் சர் வால்டர் ஸ்காட் என்னும் பேராசிரியர். உலகெங்கும் வரலாற்றுப் புதினம் பரவுவதற்கு வழிவகுத்தவர் அவரே.

இளமை

பிரிட்டன் தீவின் வடபகுதி ஸ்காட்லாந்து. அதன் தலைநகராகிய எடின்பரோவில் 1771ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் வால்டர் ஸ்காட் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். தாயார் மருத்துவப் பேராசிரியர் ஒருவரின் மகளார். குழந்தைக்கு ஒன்றரை வயதானபோது கடுங் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் நீங்கியபின் வலக்கால் வலுவிழந்து போயிற்று. அன்று முதல் வாழ்நாள் முழுவதும் அவர் கால் ஊன்றி நடக்க இடர்ப்பட்டார்.

நாட்டுப்புறக் காற்று நலம் தரும் என்று கருதிய பெற்றோர் அவரைப் பாட்டனாரின் பண்ணைக்கு அனுப்பினர். பண்ணையின் அருகே பழங்கோட்டை ஒன்று பாறை மீது ஓங்கி நின்றது. ஆட்டிடையர் அக்குழந்தையைப் புல்வெளியில் கிடத்திவிட்டு ஆடு மேய்ப்பர். பாட்டியாரும் அத்தையாரும் எல்லைப்புற வீரர்களின் கதைகளையும் பாடல்களையும் ஓயாமற் கூறுவர். நாடிழந்த அரச குலத்தவர்க்காக ஸ்காட்லாந்து மலைநாட்டார் 1745ஆம் ஆண்டில் போர் புரிந்து தோற்ற வரலாற்றை, அதனை நேரில் அறிந்த முதியோர் வாயிலாகவே அவர் கேட்டார். ஓடி ஆட இயலாத சிறுவனுக்குக் கதைகளே விளையாட்டுத் தோழர் ஆயின.

வளர்ந்தபின் ஸ்காட் சட்டம் பயின்று 1792ஆம் ஆண்டில் வழக்கறிஞரானார். எனினும் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் குதிரை ஏறி மலைப்பகுதிகளுக்குச் சென்றார். குடியானவர் வீடுகளில் தங்கி அவர்கள் பாடிய பழம்பாடல்களைத் தொகுத்தார். அத்தொகுப்பு 1802, 1803ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. பின்னர்த் தாமே நெடுங் கதைப் பாடல்கள் இயற்றினார். 1810ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட 'ஏரிக்கரை மங்கை' என்னும் காவியத்தைப் படித்தவர்கள், அதில் கூறப்பட்ட ஏரியைக் காணக் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டனர்.

பெயர் மறைத்த ஆசிரியர்

1812ஆம் ஆண்டில் பைரன் என்னும் இளங்கவிஞர் தோன்றிப் பெரும்புகழ் எய்தினார். கவிதையில் தம்மை விஞ்சும் ஒருவர் வந்துவிட்டார் என்பதை ஸ்காட் பொறாமையின்றி ஏற்றுக்கொண்டார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அவர் ஓர் உரைநடைக் கதையைத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியிருந்தார். ஒருநாள் மீன் பிடிக்கும் தூண்டிற் கருவிகளைத் தேடியபோது, பழைய மேசையறை ஒன்றில் அக்கைப்படி அகப்பட்டது. அதனை எழுதி முடித்து 1814ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வெளியிட்டார். அதுவே 'வேவர்லி' என்னும் புதினம். இளமையில் முதியோரிடம் கேட்ட 1745ஆம் ஆண்டுப் போரே அதன் களம்.

அந்நூலில் ஆசிரியர் பெயர் இல்லை. அந்நாளில் புதினம் எழுதுதல் பெருமைக்குரிய செயலாகக் கருதப்படவில்லை. ஸ்காட்டோ உயர்நீதிமன்ற அலுவலர். ஆதலின் தம் பெயரை மறைத்தார். நூல் சில வாரங்களில் விற்றுத் தீர்ந்தது. அதன்பின் 'கை மானரிங்', 'ராப் ராய்' முதலிய புதினங்கள் ஒன்றன்பின் ஒன்றாக 'வேவர்லி'யின் ஆசிரியர் எழுதியவை என்ற குறிப்புடன் வந்தன. அச்சகத்தார் தம் கையெழுத்தை அடையாளம் காணாதிருக்க, நம்பிக்கைக்குரியவரைக் கொண்டு படியெடுக்கச் செய்தார் ஸ்காட். ஆசிரியர் யார் என்பது நாடெங்கும் விடுகதையாயிற்று. பலர் உண்மையை ஊகித்தபோதிலும், அவர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதனை ஒப்புக்கொள்ளவில்லை.

வாசகர் தீர்ப்பு

பழைய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அரசர் பெயர்களையும் போர்களின் ஆண்டுகளையும் தொகுத்துக் கூறின. ஸ்காட் வேறு வழியைப் பின்பற்றினார். அரசரையும் படைத்தலைவரையும் கதையின் ஓரத்தில் நிறுத்தி, எளிய மனிதரை நடுவில் வைத்தார். குடியானவன், இடையன், ஊழியப் பெண், இரவலன் ஆகியோர் தத்தம் வட்டார மொழியில் பேசினர். பழங்காலத்து மக்களும் நம்மைப் போல் உண்டு, உடுத்து, அஞ்சி, அன்பு கொண்டு வாழ்ந்தவரே என்பதை வாசகர் உணர்ந்தனர்.

1819ஆம் ஆண்டின் இறுதியில் 'ஐவன்ஹோ' வெளிவந்தது. முதற்பதிப்பின் 10,000 படிகளும் இரண்டு வாரங்களுக்குள் விற்றுவிட்டன. ரிச்சர்டு மன்னன் காலத்து இங்கிலாந்தே அக்கதையின் களம். புண்பட்டுக் கிடந்த ஐவன்ஹோ என்னும் வீரனுக்கு மருந்திட்டு உயிர் காக்கிறாள் ரெபேக்கா என்னும் யூதப் பெண். அறிவும் துணிவும் மிக்க அவள் அவன்பால் அன்பு கொள்கிறாள். ஆயினும் அவன் மணப்பது ரோவினா என்னும் உயர்குடிப் பெண்ணையே. ரெபேக்கா தந்தையுடன் நாட்டைவிட்டு நீங்குகிறாள். வாசகர் பலர் இம்முடிவைப் பொறுக்கவில்லை. 1850ஆம் ஆண்டில் தாக்கரே என்னும் புதின ஆசிரியர், ஐவன்ஹோ ரெபேக்காவை மணப்பதாக நகைச்சுவைத் தொடர்கதையே எழுதிவிட்டார்!

மாறுபட்ட கருத்துடைய வாசகரும் இருந்தனர். 1816ஆம் ஆண்டில் வந்த 'ஓல்டு மார்ட்டாலிட்டி' என்னும் புதினம், முன்பு சமயக் கொள்கைக்காக அரசை எதிர்த்துப் போராடியவர்களைப் பற்றியது. தம் மரபின் தியாகிகளை வெறியர்களாகக் காட்டிவிட்டார் என்று சமயப் பெரியார் ஒருவர் விரிவான மறுப்புரை எழுதினார். தம் பெயரை மறைத்துக்கொண்டிருந்த ஸ்காட், நண்பரின் துணையுடன் தம் நூலுக்குத் தாமே மதிப்புரை எழுதி மறைமுகமாக விடையிறுத்தார். வரலாற்றறிஞர் சிலர், 'ஐவன்ஹோ'வில் காணும் சாக்சானியர், நார்மானியர் பகைமை அக்காலத்தில் அத்துணைக் கூர்மையாக இருந்ததில்லை என்று பிற்காலத்தில் எடுத்துக்காட்டினர். ஆகவே ஸ்காட்டின் கதைகள் இன்பம் தருவன என்பதில் ஐயமில்லை. அவை எவ்வளவு உண்மை என்பதே வினாவாக நின்றது.

இடியென வந்த துன்பம்

புகழ் பெருகப் பெருகச் செல்வமும் பெருகிற்று. ட்வீடு ஆற்றங்கரையில் ஸ்காட் நிலம் வாங்கி, அபட்ஸ்போர்டு என்னும் மாளிகையை எழுப்பினார். பழம்படைக்கலங்களாலும் நூல்களாலும் அதனை நிரப்பினார். 1820ஆம் ஆண்டில் சர் என்னும் பட்டமும் பெற்றார். ஆனால் அவரிடம் ஒரு குறை இருந்தது. இன்னும் எழுதாத நூல்களுக்கு முன்பணம் பெற்று, அதனை நிலத்திலும் மாளிகையிலும் செலவிட்டார். நண்பர் ஒருவரின் அச்சகத்தில் மறைவாகப் பங்குதாரராகவும் இருந்தார். அச்சகத்தாரும் பதிப்பாளரும் ஒருவர்க்கொருவர் பிணை நின்று கடன் சீட்டுகளில் கையொப்பமிட்டிருந்தனர்.

1826ஆம் ஆண்டு சனவரியில் இலண்டனில் ஒரு நூல் வணிக நிறுவனம் நிலைகுலைந்தது. அதனுடன் தொடர்புடைய பதிப்பாளரும் அச்சகத்தாரும் அடுத்தடுத்து வீழ்ந்தனர். ஏறத்தாழ 1,20,000 பவுன் கடன் ஸ்காட்டின் தலைமேல் விழுந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு.

பொருளிழந்தவர் என்று தம்மை அறிவித்துக்கொண்டு, கடனில் ஒரு பகுதியை மட்டும் செலுத்தித் தப்புவதற்குச் சட்டம் இடம் அளித்தது. நண்பர்கள் பொருளுதவி செய்ய முன்வந்தனர். ஸ்காட் இரண்டையும் மறுத்தார். கடன் கொடுத்தோரிடம் அவர் வேண்டியது காலம் ஒன்றே. தம் எழுதுகோல் ஈட்டும் பொருள் முழுவதையும் அவர்களுக்கே உரியதாக எழுதிக்கொடுத்தார். எடின்பரோவில் நெடுநாள் வாழ்ந்த வீட்டை விட்டு வெளியேறினார். நான்கு திங்கள் கழிவதற்குள் அவர் மனைவியாரும் மறைந்தார். துயரத்தை உள்ளடக்கிக்கொண்டு ஒற்றை அறையில் அமர்ந்து நாள்தோறும் எழுதினார்.

நெப்போலியன் வரலாறு ஒன்பது தொகுதிகளாக 1827ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் ஒரு விருந்தின்போது, 'வேவர்லி'யின் ஆசிரியர் தாமே என்று பலரறிய ஒப்புக்கொண்டார். ஐதர் அலி காலத்து மைசூரைக் களமாகக் கொண்டு 'மருத்துவர் மகள்' என்னும் கதையையும் அவ்வாண்டிலேயே எழுதினார். இந்தியாவைக் கண்டறியாத அவர், இங்குப் பணியாற்றித் திரும்பிய அண்டை வீட்டார் ஒருவரிடம் கேட்டறிந்து அதனைப் புனைந்தார். நோயாளியாகிய தம் பேரனுக்கென ஸ்காட்லாந்து வரலாற்றையும் எளிய நடையில் வரைந்தார். இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 40,000 பவுன் கடன் தீர்ந்தது.

இருவகைக் கடன்

1829ஆம் ஆண்டு சூன் திங்களில் ஸ்காட்டின் புதினங்கள் அனைத்தும் புதிய பதிப்பாக வரத் தொடங்கின. திங்கள்தோறும் ஒரு தொகுதி. விலை ஐந்து ஷில்லிங். அதுவரை செல்வர் மட்டுமே வாங்கக்கூடியனவாக இருந்த நூல்கள் நடுத்தரக் குடும்பத்தாரின் கைக்கும் எட்டின. அவ்வாண்டு முடிவதற்குள் விற்பனை திங்களுக்கு 35,000 படிகளாக உயர்ந்தது.

இப்பதிப்பிற்கென ஸ்காட் புதிய முன்னுரைகளும் குறிப்புகளும் எழுதினார். ஒவ்வொரு கதையையும் எங்கே கேட்டார், அதில் வரலாறு எது, கற்பனை எது, எதனை மாற்றினார் என்பவற்றை ஒளிவு மறைவின்றி எடுத்துரைத்தார். ரெபேக்காவைப் பற்றிய வாசகர் குறைக்கும் விடை தந்தார். அக்காலத்துச் சமயப் பகைமை அத்திருமணத்திற்கு இடம் தந்திராது. மேலும், உயர்ந்த பண்பிற்கு உலக இன்பத்தையே கூலியாகக் காட்டினால் அப்பண்பு தாழ்ந்துவிடும் என்பதே அவ்விடையின் கருத்து.

1818ஆம் ஆண்டில் அவர் எழுதிய புதினம் ஒன்றில் ஜீனி என்னும் எளிய பெண் வருகிறாள். நீதிமன்றத்தில் ஒரு பொய் கூறினால் தங்கையின் உயிரைக் காக்கலாம். அவள் பொய் கூற மறுத்து, இலண்டன்வரை நடந்து சென்று மன்னிப்பு வேண்டித் தங்கையை மீட்கிறாள். இது வெறுங் கற்பனையன்று. ஹெலன் வாக்கர் என்னும் ஏழைப் பெண்ணின் வாழ்வில் நிகழ்ந்ததை அன்பர் ஒருவர் கடித வாயிலாகத் தெரிவித்தார் என்பதை ஸ்காட் இப்பதிப்பில் வெளியிட்டார். அதனுடன் நில்லாமல், அடையாளமின்றிக் கிடந்த அவள் கல்லறைமீது 1831ஆம் ஆண்டில் நினைவுக்கல் நாட்டினார். கடனில் மூழ்கியிருந்தவர், தம் கதைக்கு உயிர் தந்தவளுக்குப் பட்ட கடனை மறக்கவில்லை.

1830ஆம் ஆண்டில் வாத நோய் அவரைத் தாக்கியது. கை தளர்ந்தபோதும் பிறரை எழுதச் செய்து வேலையைத் தொடர்ந்தார். அவ்வாண்டு இறுதியில், கடன் கொடுத்தோரே அவருடைய நேர்மையைக் கண்டு நெகிழ்ந்து, அபட்ஸ்போர்டிலிருந்த நூல்களையும் பொருள்களையும் அவருக்கே பரிசாக அளித்தனர். உடல்நலம் நாடி 1831ஆம் ஆண்டில் மால்ட்டாவிற்கும் இத்தாலிக்கும் சென்றார். நலம் பெறாமலே திரும்பி, 1832ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் அபட்ஸ்போர்டில் உயிர் நீத்தார். எஞ்சிய கடனை அவர் நூல்களின் உரிமையே ஈடுசெய்தது. 1847ஆம் ஆண்டில் கடன் முழுவதும் தீர்ந்தது.

எடின்பரோ நகரின் நடுவே 1846ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அவர் நினைவுச் சின்னம் 200 அடி உயரம் உடையது. அந்நகரின் பெரிய புகைவண்டி நிலையம் இன்றும் வேவர்லி என்றே வழங்குகிறது. காலம் செல்லச் செல்ல அவருடைய நீண்ட வருணனைகள் சிலருக்குச் சலிப்பூட்டின. குறை கூறியவரும் பலர். ஆயினும் பிரான்சு, இத்தாலி, உருசியா முதலிய நாடுகளில் தோன்றிய வரலாற்றுப் புதின ஆசிரியர் பலர் அவர் காட்டிய வழியிலேயே சென்றனர்.

கதை கூறுவோன் கற்பனை செய்யலாம். அது அவனது உரிமை. கற்பனை எது, உண்மை எது என்பதைக் கேட்போர்க்கு உரைப்பது அவனது கடமை. பிறர் கைப்பொருளுக்கும் வாசகர் நம்பிக்கைக்கும் ஒருங்கே கணக்குக் கொடுத்து வாழ்ந்தமையால், சர் வால்டர் ஸ்காட்டின் வாழ்க்கை அவர் எழுதிய கதைகளினும் சிறந்து விளங்குகிறது.