விழுங்கியவற்றை மீட்ட வித்தகர்

கடலூர்க் கரையின் மீனும் விருத்தாசலத்து நிலக்கடலையும் நாவிற்கு இனியன. எனினும், மீன்முள் தொண்டையில் தைத்தலும், கடலை சிறு குழந்தையின் மூச்சுக்குழலுள் புகுதலும் உண்டு. முற்காலத்தில் இவ்வாறு சிக்கிய பொருளை எடுக்கக் கழுத்தையோ மார்பையோ அறுக்க நேர்ந்தது, பலர் உயிரிழந்தனர். அறுவையின்றி வாய்வழியே அவற்றை எடுக்கும் முறையைச் செம்மை செய்து பரப்பியவர் செவாலியர் ஜாக்சன் என்னும் அமெரிக்க மருத்துவர்.

அவர் 1865-ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க்கில் பிறந்தார். மெலிந்த உடலினரான அவரைப் பள்ளித் தோழர் பலவாறு துன்புறுத்தினர். வறுமையும் வந்து வாட்டியது. கண்ணாடியிலும் மட்கலங்களிலும் ஓவியம் தீட்டிப் பொருளீட்டி, 1886-இல் பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1890-இல் உணவுக்குழலுள் செலுத்திப் பார்க்கும் குழற்கருவி ஒன்றை அமைத்தார். அதன் துணையால், ஒருவர் விழுங்கிய செயற்கைப் பல்வரிசையையும் ஒரு குழந்தை விழுங்கிய காசையும் எடுத்தார். பின்னர்க் கருவியின் நுனியிற் சிறு விளக்கையும் பொருத்தினார். இரு கைகளாலும் ஒப்பத் தொழில் செய்யப் பழகினார். திறந்த ஊக்கை அப்படியே இழுத்தால் குழல் கிழியும். ஆதலின் அதனை உள்ளேயே மூடிப் பின்னர் வெளியே எடுக்கும் நுட்பத்தையும் கையாண்டார்.

ஒருநாள், சலவைக்குரிய காரத்தை அறியாது விழுங்கிய ஏழைச் சிறுமி ஒருத்தியை அவரிடம் கொணர்ந்தனர். அவள் உணவுக்குழல் வெந்து சுருங்கியிருந்தது. ஒரு துளி நீரும் உள்ளே இறங்கவில்லை. ஜாக்சன் குழலை அடைத்திருந்த உணவையும் இறந்த தசையையும் மெல்ல அகற்றினார். செவிலி நீர் கொடுத்தாள். சிறுமி அஞ்சியஞ்சிச் சிறிது பருகினாள், நீர் இறங்கிற்று. மேலும் பருகினாள். பின்னர்க் குவளையை விலக்கிவிட்டு, மருத்துவரின் கையைப் பற்றி முத்தமிட்டாள்.

வந்த நோயைத் தீர்ப்பதோடு அவர் அமையவில்லை. காரப் பொருள்களின் கலங்களில் நஞ்சென எழுதப்பட வேண்டுமெனப் பல்லாண்டு போராடினார். 1927-இல் அமெரிக்க அரசு அதற்குச் சட்டம் இயற்றியது. இடையிடையே காசநோய் வருத்தியும் அவர் தொண்டு குன்றவில்லை. அவர் தொகுத்த 2,374 பொருள்கள் இன்றும் பிலடெல்பியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றுள் ஊக்கும் ஊசியும் காசும் பொத்தானும் காணலாம். 1958-இல் தம் 92-ஆம் அகவையில் அவர் மறைந்தார்.

இன்று சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற பெருமருத்துவமனைகளில், வளையும் உள்நோக்கிகள் அவர் வகுத்த நெறியிலேயே தொழிற்படுகின்றன. முள் தைத்தால் சோற்றுருண்டையை விழுங்கித் தள்ள முயலுதல் தீது. அது முள்ளை மேலும் ஆழச் செலுத்தும். வட்ட மின்கலத்தை விழுங்கிய குழந்தையைக் கணமும் தாழாது மருத்துவமனை சேர்த்தல் வேண்டும். இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே அது உணவுக்குழலைப் புண்ணாக்கிவிடும். உணவை நன்கு மென்று உண்ணலும், சிறு பொருள்களைக் குழவியர் கைக்கு எட்டாது வைத்தலும் யாவர்க்கும் எளிய செயல்கள். வாழ்நாளெல்லாம் ஜாக்சன் வற்புறுத்திய காப்பும் அதுவே.