ழான் சிவியால்

மாந்தரை வாட்டும் பிணிகளுள் கல்லடைப்பைப் போல் ஆண்மையாளரையும் அலறச் செய்வது பிறிதொன்று உளதோ என்பது ஐயம். சிறுநீரிற் கலந்துள்ள உப்புக்கள் சிறுநீரகத்திலோ நீர்ப்பையிலோ திரண்டு கல்லாய் இறுகி, நீர் கழியும் வழியை அடைத்துக்கொள்வதே இந்நோய். சுசுருத சங்கிதை இதனை விரித்துரைக்கின்றது; நம் சித்த வைத்திய நூல்களும் இதற்கு மருந்து கூறுகின்றன. கிரேக்க மருத்துவராகிய இப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் உறுதிமொழியிலோ, கல்லடைப்புற்றாரை மருத்துவன் தானே அறுத்தலாகாது, அத்தொழில் வல்லாரிடமே விடுத்தல் வேண்டும் என்றொரு நிபந்தனை காணப்படுகின்றது. அவ்வறுவை அத்துணை அஞ்சத்தக்கதாய் இருந்தது போலும்!

அஃது எத்தன்மைத்து என்பதை ஈண்டுச் சிறிது கூறாவிடின், யாம் கூறப்புகுந்த பெரியாரின் அருமை விளங்காது. மயக்க மருந்து வழக்கிற்கு வந்தது 1846-ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன், நீர்ப்பையிற் கல்லுடையானை மேசைமீது கிடத்தி, கைகளையும் கால்களையும் பிணித்து, வலிய ஆடவர் பலர் அழுத்திப் பிடித்துக்கொள்வர். வைத்தியர் இரு தொடைகட்கும் நடுவே கத்தியைச் செலுத்தி நீர்ப்பையைத் திறந்து, கல்லைக் குறட்டாற் பற்றி இழுப்பர். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த செசல்டன் என்பார் இதனை ஒரு நிமிட நேரத்திற்குள் முடிக்க வல்லராயிருந்தமையாற் பெரும் புகழ் பெற்றார். விரைவொன்றே அக்காலத்தில் நோயாளிக்குக் காட்டத்தக்க இரக்கம். கத்திக்குத் தப்பினோரும் பின்னர்க் குருதிப் பெருக்காலும் புண் சீழ்பிடித்தலாலும் மாண்டனர்.

இக்கொடுமையைக் கண்டு மனம் இளகிய ழான் சிவியால், பிரெஞ்சு நாட்டின் நடுவிலுள்ள ஒவெர்ஞ்ஞு மலைப்பகுதியில், காந்தால் மாகாணத்துத் தியேசாக் என்னும் ஊரினருகே 1792-ஆம் ஆண்டிற் பிறந்தார். மருத்துவம் பயிலப் பாரிஸ் மாநகரை அடைந்தார். ஆண்டு ஒத்தெல் தியே ஆஸ்பத்திரியில், அறுவைத் தொழிலில் அந்நாட்டில் இணையற்றவராய் விளங்கிய துப்புயித்திரனிடம் கற்றார்.

மாணாக்கராயிருந்தபோதே அவர் உள்ளத்தை ஒரு வினா பற்றிக்கொண்டது. நீர் வெளிவரும் இயற்கை வாயில் ஒன்று உடலில் இருக்க, மற்றொரு வாயிலைக் கத்தியால் ஏன் திறத்தல் வேண்டும்? முதலில், அவ்வாயில் வழியே மருந்து நீரைச் செலுத்திக் கல்லைக் கரைக்கலாம் என எண்ணினார். கல்லைக் கரைக்கத்தக்க மருந்து நீர்ப்பையையும் அரித்துவிடுமாதலின், கல்லைத் தனியே ஒரு பையினுள் அடக்கிக் கரைக்க வழி தேடினார். அது கைகூடவில்லை. எனினும் அம்முயற்சி வீண்போகவில்லை; கல்லைப் பற்றிப் பிடிக்க முடியுமாயின் அதனைக் கரைப்பானேன், அவ்விடத்திலேயே உடைத்துவிடலாமே என்னும் எண்ணம் அதினின்றே பிறந்தது. இவ்வாராய்ச்சிக்குப் பொருளுதவி வேண்டி 1818-ஆம் ஆண்டில் அரசாங்கத்திற்கும் விண்ணப்பித்துக்கொண்டார். அப்போது அவருக்கு ஆண்டு இருபத்தாறே.

பல்லாண்டு உழைத்து அவர் அமைத்த கருவி நேரானதொரு உலோகக் குழல். அதனுள் மற்றொரு குழல். அதன் நுனியில் மூன்று எஃகு விரல்கள். மூடிய நிலையில் அதனை நீர்வழியே நீர்ப்பையினுட் செலுத்தி, உட்குழலை முன்னே தள்ளினால் விரல்கள் தாமே விரியும். பின்னே இழுத்தாற் குவிந்து கல்லைக் கவ்விக்கொள்ளும். நடுவே ஓடும் துளைக்கம்பியை, நம் தச்சர் துரப்பணத்தை வில்லும் கயிறுங்கொண்டு சுழற்றுமாறு, வெளியிலிருந்து சுழற்றுவர். கல் பலவிடத்தும் துளைபட்டு நொறுங்கும். பொடி சிறுநீரோடு வெளியேறும். இவை யாவும் கண்ணாற் காணாது கையுணர்வொன்றே துணையாகச் செய்யவேண்டியன என்பதை நினைவிற் கொள்க. நீர்ப்பையின் உட்புறத்தைக் கல்லென்று கவ்விவிட்டாற் பெருங்கேடு விளையும். ஒரே அமர்வில் வேலை முடிவதுமில்லை; நோயாளி மீண்டும் மீண்டும் வரவேண்டும்.

1824-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 13-ஆம் நாள், விஞ்ஞான அகாதமியார் அனுப்பிய பெர்சி, சோசியே என்னும் இருவர் முன்னிலையில், உயிருள்ள மனிதனொருவன் நீர்ப்பையிலிருந்த கல்லைச் சிவியால் உடைத்துக் காட்டினார். கட்டுமில்லை, கத்தியுமில்லை. கண்டு மகிழ்ந்த இருவரும் அகாதமிக்கு நற்சான்று அளித்தனர். உடலைப் பிளவாது உள்நோயைத் தீர்க்கும் சிகிச்சை முறைகளுக்கெல்லாம் இதனையே முதலாக இன்று மருத்துவ வரலாற்று ஆசிரியர் பலர் கொள்ளுகின்றனர்.

புகழ் வந்தவுடனே பூசலும் வந்தது. லெருவா தெத்தியோல், அமுசா, எர்த்தெலூ முதலியோர் இக்கருவியில் தத்தமக்கும் பங்குண்டென வாதாடினர். பவேரிய நாட்டுக் குரூயித்துய்சன் என்பார் 1813-இலேயே இத்தகைய கருவியொன்றைப் பற்றி எழுதியிருந்ததும் மெய்யே. யார் முதல்வர் என்னும் அவ்வழக்கு நமக்கு வேண்டா. உயிருள்ள மனிதரிடத்து முதன்முதல் முற்றச் செய்து காட்டினவர் சிவியாலே.

கருவியைக் காட்டிலும் யாம் பெரிதாக மதிப்பது அவர் போட்ட கணக்கு. பாரிஸிலுள்ள நெக்கேர் ஆஸ்பத்திரியில் கல்லடைப்புற்றார்க்கென்றே தனியிடம் அவருக்குக் கிடைத்தது. அங்கே பணிபுரிந்துகொண்டே, ஐரோப்பா முழுவதிலும் பழைய முறையில் அறுக்கப்பட்டோர் எத்துணையர், அவருள் இறந்தோர் எத்துணையர் என்று தொகுக்கலாயினார். ஐயாயிரத்திற்கு மேற்பட்டோரின் குறிப்புக்கள் சேர்ந்தன. அறுவைக்குட்பட்டோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேர் மாண்டிருந்தனர். தம் முறையால் சிகிச்சை பெற்ற ஏறத்தாழ 300 பேருள் நூற்றுக்கு இருவரளவே மாண்டனர். இதனை 1835-ஆம் ஆண்டில் விஞ்ஞான அகாதமி ஆராய்ந்தது. ஆராய்ந்தோருள் கணித மேதையாகிய புவாசோனும், நெப்போலியன் சேனையின் வைத்தியரான லாரேயும் இருந்தனர்.

அவர்கள் கூறிய தீர்ப்பு சிந்திக்கத்தக்கது. கணக்கு என்பது மனிதரை வெறும் எண்ணாக்கி அவரவர் தனித்தன்மையை நீக்கிவிடுகின்றது. மருத்துவரோ என்றும் தம் முன்னுள்ள ஒரு நோயாளியையே நோக்குபவர். ஆகவே இவ்வெண்களை மருத்துவத்தில் எளிதிற் கொள்ளலாகாது என்பது அதன் சாரம். இதில் உண்மை இல்லாமற் போகவில்லை. சிறுகல் உடையாரும் உடல் தளராதாரும் சிவியாலிடம் சென்றிருக்க, ஏனையோர் கத்திக்கு விடப்பட்டிருப்பின், இரு தொகையும் ஒப்பாகா. தம் முறையைத் தாமே எடைபோடுவோர் தராசையும் சற்று ஐயுறுதல் தகும். ஆயினும், மேசைமீது பிணிக்கப்படவிருக்கும் அவ்வொரு நோயாளியின் நிலையினின்று இதனை நோக்குவோமாயின், ஐவருள் ஒருவர் இறப்பதும் ஐம்பதின்மருள் ஒருவர் இறப்பதும் அவனுக்கு வெறும் எண்ணாகுமோ? தன் வைத்தியன் அதனை அறிந்திருக்கவேண்டும் என்று அவன் விரும்பானோ? இவ்வழக்கிற் சிவியால் பக்கமே நியாயம் மிகுதி என்பது எம் கருத்து. புதிய சிகிச்சைகளை எண்ணிப் பார்த்தே ஏற்பது பின்னர் மருத்துவ உலகின் வழக்கமாயிற்று.

அவர் கை எட்டிய இடம் நீர்ப்பை மட்டுமே. சிறுநீரகத்துள்ளேயே தங்கிய கல்லை, முதுகுப்புறத்துச் சிறு துளையின் வழியே எடுக்கும் முறை 1976-இல் சுவீடனிலிருந்தும், கருவி எதனையும் உட்செலுத்தாது வெளியிலிருந்து எழுப்பும் அதிர்வலைகளால் நொறுக்கும் முறை 1980-இல் முனிக் நகரிலிருந்தும் வந்தன.

1847-இல் விஞ்ஞான அகாதமி அவரையும் உறுப்பினராக ஏற்றது. முதுமையிலும் கருவியை அவர் கைவிடவில்லை. எழுபதாம் பிராயத்தில், 1862-இல், பெல்ஜிய மன்னர் முதலாம் லியோபோல்டுக்குச் சிகிச்சை செய்தார், நோய் தீரவில்லை. அடுத்த ஆண்டு அம்மன்னரைக் குணப்படுத்தியவர் இலண்டன் வைத்தியர் என்றி தாம்சன். அவர் பாரிஸுக்குச் சென்று சிவியாலிடமே இக்கலையைக் கற்றவர். ஆசிரியர் கைக்கு அகப்படாத கல்லை ஆசிரியர் கற்பித்த முறையாலேயே பொடித்தார். சிவியால் 1867-ஆம் ஆண்டு சூன் திங்களிற் பாரிஸில் காலமானார். நெக்கேர் ஆஸ்பத்திரியில் அவர் இருந்த இடத்திற்குப் பெலீக்ஸ் கியோன் என்பார் வந்தார்.