படிவத்தில் இருந்த பேர்

என் மருமக மாசமா இருந்தப்போ மகப்பேறு உதவிக்குப் படிவம் நிரப்பப் போனேன். 18,000 ரூபாய் கிடைக்கிற திட்டம், உங்க வீட்டிலும் வாங்கியிருப்பீங்க. அதன் மேல டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று பேர் இருந்தது. யாருன்னு கேட்டேன். வரிசையில் நின்ற ஒருத்தருக்கும் தெரியல. இருபது வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள் நான். ஒரு பீஸைக் கையில் எடுத்தா முழுசா பார்க்காம வைக்க மாட்டேன். விசாரிச்சேன், வாங்கிப் படிச்சேன்.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆம்பளைப் பிள்ளைகள் மட்டும் படிச்ச கல்லூரியில் இவரைச் சேர்க்க எதிர்ப்பு வந்தது. ராஜா அனுமதி கொடுத்த பிறகுதான் உள்ளே போக முடிஞ்சது. 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-ல் டாக்டர் பட்டம். 1914-ல் கல்யாணம், சரிசமமா நடத்தணும், என் வேலைக்குக் குறுக்கே நிற்கக் கூடாதுன்னு சொல்லித்தான் சம்மதிச்சாராம்.

சட்டசபைக்கு அவர் தானாப் போகல. இந்திய மாதர் சங்கம் என்று பெண்கள் 1917-ல் அடையாற்றில் தொடங்கிய சங்கம், இவரை அனுப்பணும்னு நின்றது. வைத்தியத்தை விட்டுட்டு எப்படிப் போறதுன்னு முதலில் தயங்கியிருக்கார். 1927-ல் சென்னை மாகாண சட்டசபையில் உட்கார்ந்தார். அங்கே அவர் ஒருத்தர்தான் பெண். துணைத் தலைவராகவும் ஆனார்.

அந்த வருஷமே கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதை நிறுத்தணும்னு தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானம் நிறைவேறிடுச்சு. ஆனா தீர்மானம் சட்டம் இல்லையே! நம்ம தீர்மான நோட்டைப் புரட்டினாலே அது தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அவர் அடுத்து செய்த வேலை. பல குடும்பங்களுக்குக் கோயில் மானிய நிலம் இருந்தது. தலைமுறைக்கு ஒரு பெண்ணாவது கோயில் சேவைக்குப் போனாத்தான் நிலம் நிலைக்கும். பொட்டுக்கட்டாதேன்னு மட்டும் சொன்னா, சோத்துக்கு என்ன வழி? 1929-ல் அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். சேவை செய்யாமலே அந்த நிலத்தை அவங்களே வைத்துக்கொள்ள வழி கிடைத்தது. ஊர் கூடி ஆயிரம் பேசியிருக்கலாம், முடிச்சு எங்கே இருக்குன்னு பார்த்து அவிழ்த்தது இவர்தான்.

தேவதாசிப் பெண்களில் ஒரு பகுதியினரே சங்கம் சேர்ந்து எதிர்த்து மனு போட்டாங்க. எங்க பிழைப்பும் மரியாதையும் போகுதுன்னு பயந்தாங்க. அவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல.

1930-ல் காந்தி கைதானதும் பதவியை விட்டுட்டார். பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதா அப்படியே நின்னு போச்சு. இராத்திரியில் போக்கிடம் இல்லாம வாசல் வந்த பெண் பிள்ளைகளைச் சேர்த்து ஔவை இல்லம் தொடங்கினார். மாதர் சங்கத்தாரும் மற்றவங்களும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. சட்டம் வந்தது 1947-ல். தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருபது வருஷம்.

தங்கச்சியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியும் கண்டார். 1968-ல் காலமானார்.

இதை நான் ஏன் நம்ம மலருக்கு எழுதுறேன்? நம்ம பகுதியில் ஒன்றரை ஷிப்ட் முடிய இராத்திரி எட்டரை. அங்கன்வாடி சாயங்காலமே பூட்டிடுது. நடுவில் உள்ள நேரத்துக்குக் குழந்தைகள் காப்பகம் கேட்டு இரண்டு தடவை மனு கொடுத்தோம். பார்க்கலாம்னு சொல்லி வாங்கி வச்சுக்கிட்டாங்க. காப்பகம் வேணும்னு ஒரே வரிதான் எழுதியிருந்தோம். எந்த இடம், யார் பார்த்துக்குவாங்க, செலவு எதில் வரும், ஒண்ணும் இல்லை. இப்போ சமுதாயக் கூடத்துப் பின்னறையை அளந்தாச்சு. எத்தனை குழந்தை, எந்த வயசுன்னு மலர்விழி குழுவினர் வீடு வீடாப் போய்க் குறிக்கிறாங்க. அக்டோபர் 2 கிராம சபைக்கு அந்தக் கணக்கோட போறோம். உங்க தெருப் பட்டியலை அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைக்குள்ள கொடுத்துடுங்க, அக்கா.