அமானிதம் பேணிய பிரதமர்: மர்ஹூம் முஹம்மது நாஸிர்

தொழுகையும் நோன்பும் நம்மீது கடமையாக இருப்பது போலவே, நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தை உரியவரிடம் குறைவின்றித் திருப்பிக் கொடுப்பதும் கடமையாகும். முந்திய கடமைகளில் பேணுதலாக இருக்கும் பலர் பிந்திய கடமையில் வழுக்கி விடுவதைக் காண்கிறோம். பொது வேலைக்கு அரசாங்க விளக்கையும் சொந்த வேலைக்குத் தம் சொந்த விளக்கையும் ஏற்றிய கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் வரலாற்றைக் கேட்டால், அது ஸலஃபுஸ் ஸாலிஹீன்களின் காலம், இக்காலத்தில் அது நடக்குமா என்று கேட்டு நகர்ந்து விடுகிறோம்.

நடக்கும் என்பதற்கு அத்தாட்சியாக, சென்ற நூற்றாண்டில் வாழ்ந்து மறைந்த ஒருவர் இருக்கிறார். உலகிலேயே மிகப் பெரிய முஸ்லிம் ஜனத்தொகை கொண்ட இந்தோனேசியாவின் பிரதமராக இருந்த முஹம்மது நாஸிர் அவர்களே அவர். அந்நாட்டார் தம் வழக்கில் நாட்சிர் என்பார்கள்.

தமிழ் வழி வந்த ஆசான்

மேற்குச் சுமத்ராவில் அலஹான் பாஞ்சாங் என்னும் மலையூரில் 1908 ஜூலை 17-ல் நாஸிர் அவர்கள் பிறந்தார்கள். தந்தையார் டச்சு அரசாங்கத்தில் ஓர் எழுத்தர். காலையில் டச்சுப் பள்ளிக்கூடமும் மாலையில் மத்ரஸாவுமாகப் பிள்ளைப் பருவம் கழிந்தது. படிப்பில் கெட்டிக்காரராக இருந்ததால் உதவித் தொகை கிடைத்தது. 1927-ல் ஜாவாவிலுள்ள பாண்டுங் நகருக்கு மேல்படிப்புக்காகச் சென்றார்கள்.

அங்கேதான் அவர்களுடைய வாழ்க்கை திசை மாறியது. பெர்ஸாத்துவான் இஸ்லாம் என்ற மார்க்கச் சீர்திருத்த ஸ்தாபனத்தின் பெரும் அறிஞரான அஹ்மத் ஹஸன் அவர்களிடம் நாஸிர் போய்ச் சேர்ந்தார்கள். இந்த ஆசானைப் பற்றித் தமிழ் முஸ்லிம்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டும். 1887-ல் சிங்கப்பூரில் பிறந்த அவர்களுடைய தந்தையார் ஒரு தமிழ் முஸ்லிம். சின்ன வாப்பு மரைக்கார் என்ற பெயரே வழியைச் சொல்லி விடும். பத்திரிகை நடத்திய குடும்பம் அது. மகனாரும் இந்தோனேசியாவில் குர்ஆனுக்கு விளக்கவுரையும் மார்க்கக் கேள்விகளுக்குப் பதில்களும் எழுதிப் புகழ் பெற்றார்கள். பெரிய ஆலிமாக இருந்தும் கைத்தொழிலில் உழைத்து எளிமையாக வாழ்ந்த அவர்களின் போக்கு, இளைஞர் நாஸிரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

அந்நாளில் ஒரு பாதிரியார் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் குறைவுபடுத்திப் பேசிய பேச்சு டச்சுப் பத்திரிகையில் வெளிவந்தது. அதற்கு மறுப்பெழுதப் பேனாவை எடுத்தவர் மாணவர் நாஸிர். 1930-ல் படிப்பு முடிந்தபோது, சட்டம் படிக்கவும் உதவித் தொகை காத்திருந்தது. அரசாங்க உத்தியோகமும் கிடைத்திருக்கும். இரண்டையும் விட்டுவிட்டு மார்க்கக் கல்வியில் இறங்கினார்கள். 1932-ல் உலகக் கல்வியும் தீன் கல்வியும் சேர்ந்து கற்பிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றை பாண்டுங்கில் தொடங்கினார்கள். அதிலிருந்து வந்த வருமானம் சொற்பமே. 1934-ல் நூர்நஹார் என்ற ஆசிரியையை மணந்தார்கள். ஆறு மக்கள் பிறந்தார்கள்.

ஒட்டுப் போட்ட சட்டை

1945 ஆகஸ்ட் 17-ல் இந்தோனேசியா சுதந்திரப் பிரகடனம் செய்தது. டச்சுக்காரர்கள் மீண்டும் நாட்டைப் பிடிக்கப் படையுடன் வந்தார்கள். அந்தப் போராட்ட ஆண்டுகளில், 1946 முதல் நாஸிர் அவர்கள் செய்தித் துறை அமைச்சராக இருந்தார்கள். அமைச்சராக இருந்தும் சொந்த வீடில்லை. நண்பர்களின் வீட்டில் ஒதுங்கிக் குடும்பத்தை நடத்தினார்கள்.

1948-ல் ஜார்ஜ் காஹின் என்ற அமெரிக்க ஆய்வாளர் அவர்களைக் காண யோக்யகர்த்தாவுக்கு வந்தார். அமைச்சரின் சட்டையில் ஒட்டுப் போட்டிருந்தது. அலுவலக ஊழியர்கள் தங்களுக்குள் பணம் சேர்த்து, அமைச்சருக்கு ஒரு நல்ல சட்டை வாங்கிக் கொடுக்க முயன்றதை அந்த ஆய்வாளர் பிற்காலத்தில் எழுதி வைத்தார்.

1949-ன் இறுதியில் டச்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்தபோது, நாட்டை 16 துண்டு ராஜ்யங்களின் கூட்டாட்சியாக்கி விட்டே போனார்கள். பிரிந்து கிடந்தவற்றை ஒன்றாக்கும் தீர்மானத்தை, மஸ்யூமி என்னும் முஸ்லிம் கட்சியின் தலைவரான நாஸிர் 1950 ஏப்ரல் 3-ல் பாராளுமன்றத்தில் கொண்டு வந்தார்கள். இரத்தம் சிந்தாமல், பேச்சு வார்த்தையாலேயே காரியம் நிறைவேறியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 17-ல் ஒன்றுபட்ட குடியரசு பிறந்தது. செப்டம்பரில் நாஸிர் அதன் பிரதமரானார்கள். அப்போது வயது 42. அம்மாதமே இந்தோனேசியா ஐக்கிய நாடுகள் சபையின் 60-வது உறுப்பு நாடாயிற்று.

திருப்பிக் கொடுத்த விதம்

அந்த ஆட்சி நீடிக்கவில்லை. அதிபர் சுகர்னோவுடனும் எதிர்க்கட்சிகளுடனும் கருத்து வேற்றுமை முற்றியது. பாராளுமன்றத்தில் ஒரு தீர்மானம் தமக்கு எதிராக நிறைவேறியதும், 1951 மார்ச்சில் பதவியை அதிபரிடமே திருப்பிக் கொடுத்து விட்டார்கள்.

கொடுத்த விதத்தைக் கவனியுங்கள். அரசாங்கக் காரை அங்கேயே ஒப்படைத்து விட்டு, தம் ஓட்டுநருடன் சைக்கிளில் ஏறி வீடு திரும்பினார்கள் என்று அவர்களின் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளார்கள். பிரதமரின் விருப்பச் செலவுக்கென ஒதுக்கிய நிதியில் மீதம் இருந்தது. அது உங்களுக்கு உரிமையானதே என்று செயலாளர் எடுத்துச் சொன்ன போதும், அதை வாங்க மறுத்து ஊழியர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுத்து விட்டார்கள். பின்னொரு காலத்தில் ஒருவர் பெரிய அமெரிக்கக் கார் ஒன்றை அன்பளிப்பாகத் தர வந்தார். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். தகப்பனாரோ, நமக்குள்ளது நமக்குப் போதும் என்று அதைத் திருப்பி அனுப்பி விட்டார்கள்.

சட்டம் அனுமதித்ததைக்கூட ஏன் மறுக்க வேண்டும்? ஹராம் என்று தெளிவானதை விடுவது ஈமானின் ஆரம்பப் படி. ஹலாலா ஹராமா என்று நெஞ்சில் உறுத்துவதையும் விட்டு ஒதுங்குவதே வரஃ எனப்படும் பேணுதல். நாஸிர் அந்தப் படியில் நின்றார்கள்.

கொள்கையில் அவர்கள் வளைந்தவரல்லர். ஆனால் பாராளுமன்றத்தில் கம்யூனிஸ்டுத் தலைவர் ஐதித்துடன் கடுமையாக வாதாடி விட்டு, வெளியே வந்ததும் அவருடனேயே உட்கார்ந்து காப்பி அருந்துவார்கள். கத்தோலிக்கக் கட்சியின் தலைவர் கசிமோ அவர்களின் நெருங்கிய நண்பர். கருத்தைத்தான் எதிர்த்தார்கள், மனிதரைப் பகைக்கவில்லை.

சோதனையும் ஸப்ரும்

1955 தேர்தலில் மஸ்யூமி 57 இடங்கள் பெற்று, தேசியக் கட்சிக்குச் சமமாக வந்தது. ஆனால் ஜனநாயகத்தைச் சுருக்கி அதிகாரத்தைத் தம் கையில் குவிக்கும் வழியில் சுகர்னோ சென்றார். எதிர்த்தவர்களுக்கு ஜகார்த்தாவில் மிரட்டல் வந்தது. நாஸிர் சுமத்ராவுக்குச் சென்று, 1958 பிப்ரவரியில் பாதாங் நகரில் அறிவிக்கப்பட்ட எதிர் அரசாங்கத்தில் சேர்ந்தார்கள். ஒற்றுமைத் தீர்மானம் கொண்டு வந்தவரே ஆயுத எதிர்ப்பில் சேர்ந்தது முறையா என்பது அந்நாட்டில் நீண்ட காலம் விவாதிக்கப்பட்ட விஷயம். அதன் விலை பெரிது. படை வந்தது, காட்டில் அலைய நேர்ந்தது, 1960-ல் மஸ்யூமி கட்சியே ஒழிந்தது. 1961-ல் காட்டிலிருந்து வெளிவந்த நாஸிர், விசாரணையின்றி 1966 வரை காவலில் வைக்கப்பட்டார்கள்.

விடுதலையான பின் வந்த சுஹார்த்தோ அரசும் அவர்களை அரசியலுக்குத் திரும்ப விடவில்லை. வேறொருவராயின் கசந்து மூலையில் உட்கார்ந்திருப்பார். நாஸிரோ 1967 பிப்ரவரியில் தனா அபாங் பகுதிப் பள்ளிவாசல் ஒன்றில் நண்பர்களைக் கூட்டி, தஃவாப் பணிக்கென ஒரு சபையை நிறுவினார்கள். தூரத் தீவுகளுக்கும் காட்டோரக் குடியேற்றங்களுக்கும் அச்சபை தாயீக்களை அனுப்பியது, பள்ளிவாசல்களும் கட்டியது. பதவி இருந்தபோது செய்த ஊழியம் பதவி போனபின்னும் நிற்கவில்லை. 1980-ல் மௌலானா அபுல் ஹஸன் அலீ நத்வீ (ரஹ்) அவர்களுடன் இவர்களுக்கும் மன்னர் ஃபைஸல் பரிசு வழங்கப்பட்டது. அதே ஆண்டு சுஹார்த்தோவின் போக்கைக் கண்டித்து ஐம்பது பேர் விடுத்த மனுவில் கையெழுத்திட்டார்கள். அதற்குத் தண்டனையாக வெளிநாட்டுப் பயணம் தடுக்கப்பட்டது.

1993 பிப்ரவரி 6-ல் ஜகார்த்தாவில் வஃபாத்தானார்கள். ஒருமுறை கிளர்ச்சிக்காரர் என்று ஒதுக்கிய அதே நாடு, 2008-ல் அவர்களைத் தேசிய வீரர் என்று அறிவித்தது.

நமக்குள்ள பாடம்

நம்மில் பிரதமராகப் போகிறவர் எத்தனை பேர்? ஆனால் அமானிதம் இல்லாதவர் எவருமில்லை. பள்ளிவாசல் கணக்கை எழுதும் முத்தவல்லி, ஜக்காத் பணத்தைப் பங்கிடும் ஜமாஅத்தார், எத்தீமின் சொத்தைப் பராமரிக்கும் சிறிய தந்தை, அலுவலகக் காகிதத்தைப் பிள்ளைக்கு நோட்டாகக் கொண்டு வரும் உத்தியோகஸ்தர், கணவரின் சம்பாத்தியத்தைக் காக்கும் இல்லத்தரசி, இவர்கள் ஒவ்வொருவரும் ஒருநாள் கணக்கை ஒப்படைத்து விட்டு வீடு திரும்ப வேண்டியவர்களே. பதவி முடியும் நாளில் சைக்கிளில் போகத் தயாராக இருப்பவருக்கே, பதவியில் இருக்கும்போது நேர்மையாக இருக்கும் தைரியம் வரும்.

வல்ல நாயன் மர்ஹூம் நாஸிர் அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! நம் கைக்கு வந்த அமானிதங்களைக் குறைவின்றி ஒப்படைக்கும் தவ்ஃபீக்கை நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.