தந்தை வகுத்த பாடம்

ஜேம்ஸ் மில், ஸ்காட்லாந்துச் சிற்றூர் ஒன்றில் காலணி தைப்பவரின் மகனாகப் பிறந்தவர். தம் மகன் பெரிய ஆளாக வேண்டும் என்று ஆசைப்பட்ட தாய், அவரை வேறு வேலை எதிலும் ஈடுபடுத்தாமல் படிக்க மட்டுமே வைத்தார். அப்படிப் படித்து லண்டனுக்கு வந்து எழுத்தாளரான ஜேம்ஸுக்கு 1806ஆம் ஆண்டு மூத்த மகன் பிறந்தான். தாம் பெற்றதைவிடப் பன்மடங்கு கல்வியை அவனுக்குத் தந்துவிட வேண்டும் என்று அவர் உறுதி பூண்டார். அந்த மகன்தான் பின்னாளில் புகழ்பெற்ற தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்.

ஜான் பள்ளிக்கு அனுப்பப்படவில்லை. அவனுக்கு மூன்று வயதிலேயே கிரேக்க மொழிப் பாடம் தொடங்கியது. தந்தை அப்போது இந்திய வரலாற்றைப் பெரிய நூலாக எழுதிக்கொண்டிருந்தார். (இந்தியாவை ஒருமுறைகூடப் பார்க்காமலேயே அவர் அதை எழுதி முடித்தார்.) அவர் எழுதிய அதே மேசையில்தான் மகனும் படித்தான். கிரேக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் பொருள் சொல்லும் அகராதி அக்காலத்தில் இல்லை. அதனால் தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் அவன் தந்தையிடமே பொருள் கேட்டான். அவரோ பொறுமை குறைந்தவர். இருந்தும் எழுதுவதை நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னார். கண்டிப்பு மிகுந்த அந்த மனிதரிடம் மகன் மீது அக்கறை இல்லாமல் இல்லை. அவருக்கு அதைக் காட்டத் தெரிந்த வழி பாடம் ஒன்றுதான்.

காலை உணவுக்கு முன் இருவரும் நடக்கப் போவார்கள். முதல் நாள் படித்ததைச் சிறு தாள்களில் குறித்து வைத்திருந்த ஜான், நடந்துகொண்டே அதைத் தந்தைக்கு விளக்க வேண்டும். எட்டு வயதில் இலத்தீனும் சேர்ந்தது. தம்பி தங்கையருக்குப் பாடம் சொல்லித் தரும் பொறுப்பும் அவனுடையதாயிற்று. அவர்கள் சரியாகப் படிக்காவிட்டால் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். கெட்ட பழக்கங்கள் ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சிய தந்தை, மற்றச் சிறுவர்களோடு அவனைப் பழகவிடவில்லை.

பதினான்கு வயதில் ஜான் பிரான்சுக்குப் புறப்பட்டான். அதற்கு முன் தந்தை அவனை லண்டனின் ஹைட் பூங்காவுக்கு அழைத்துச் சென்று ஓர் உண்மையைச் சொன்னார். தன் வயதினருக்குத் தெரியாத பலவும் அவனுக்குத் தெரியும். ஆனால் அது அவனுடைய திறமையால் வந்ததன்று, சிரமம் எடுத்துக் கற்பிக்கும் தந்தை வாய்த்ததால் வந்தது என்றார். தான் மற்றவர்களைவிட முன்னே இருப்பதே அன்றுதான் அவனுக்குத் தெரியவந்தது.

பதினேழு வயதில், தந்தை பணியாற்றிய கிழக்கிந்தியக் கம்பெனியிலேயே, அவருக்குக் கீழே ஜானுக்கு வேலை கிடைத்தது. சமுதாயத்தைச் சீர்திருத்த வேண்டும் என்ற தந்தையின் இலட்சியமே மகனின் இலட்சியமும் ஆயிற்று.

1826ஆம் ஆண்டு, இருபது வயதில், அவர் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். தாம் விரும்பும் மாற்றங்கள் எல்லாம் இந்த நொடியே நடந்துவிட்டால் மகிழ்ச்சி வருமா? வராது என்றது உள்ளம். அன்று முதல் படிப்பு கசந்தது. வாழ்வதற்கே பொருள் இல்லாததுபோல் தோன்றியது. வேலைக்கு மட்டும் வழக்கம்போல் சென்று வந்தார். இத்தனைக்கும், பக்கத்திலேயே இருந்த தந்தையிடம் அவர் வாய் திறக்கவில்லை. அவர் பாடுபட்டு வகுத்த கல்வித் திட்டம் இப்படி முடிந்தது என்று எப்படிச் சொல்வது?

மாதங்கள் கழிந்தன. ஒருநாள் பிரெஞ்சு எழுத்தாளர் மார்மோன்தெலின் நினைவுக் குறிப்புகளைப் படித்தபோது அவருக்குக் கண்ணீர் வந்தது. தந்தையை இழந்த ஒரு சிறுவன், இனிக் குடும்பத்துக்கு எல்லாமாகத் தானே இருப்பேன் என்று உறுதி கொள்ளும் பகுதி அது. தம் உள்ளம் மரத்துப் போகவில்லை என்று அவர் உணர்ந்தார். அது ஒரு தந்தையின் இறப்பைப் பற்றிய பகுதி என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் கவனிக்கத் தவறவில்லை. பிறகு வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் அவரை மெல்ல மெல்லத் தேற்றின.

1859இல் வெளிவந்த ‘சுதந்திரம்’ பற்றிய அவருடைய நூல், ஒவ்வொருவரும் தத்தம் இயல்புக்கேற்ப வளர இடம் வேண்டும் என்று வாதிடுகிறது. மனிதரை இயந்திரத்தோடு அன்று, மரத்தோடு ஒப்பிடுகிறது. பெண்களுக்கு வாக்குரிமை கோரி அவர் நாடாளுமன்றத்திலும் குரல் கொடுத்தார்.

அவர் மறைந்த 1873ஆம் ஆண்டிலேயே அவருடைய தன்வரலாறு வெளிவந்தது. தந்தை தந்த கல்வியால் மற்றவர்களைவிடக் கால் நூற்றாண்டு முன்னதாகவே தொடங்க முடிந்தது என்று அதில் நன்றியோடு எழுதினார். அந்தத் தந்தையிடம் கனிவு குறைவாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை. ஒன்பது பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாயைப் பற்றி மட்டும் அந்நூலில் ஏறக்குறைய எதுவுமே இல்லை.