கனவு நகரில் தம்மைக் கண்டவர்

ஓவியர் கே. இராமானுஜம் திக்கிப் பேசியவர், மனநோயால் அல்லலுற்றவர். சென்னை ஓவியக் கல்லூரியில் அவருடைய ஆற்றலை இனங்கண்டு அரவணைத்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1966இல் உருவான சோழமண்டலம் கலைஞர் கிராமம் பின்னர் அவருக்குப் புகலிடமாயிற்று.

நாவுக்கு எட்டாதவற்றை அவர் கை அறிந்திருந்தது. மாடங்களும் கோபுரங்களும் பாம்புகளும் பறவைகளும் நிறைந்த கனவு நகரங்களை நுண்கோடுகளால் வரைந்தார். அவற்றினூடே தொப்பியணிந்த மனிதர் ஒருவர் மீண்டும் மீண்டும் உலவுகிறார். தேவமகளிர் அவரை வரவேற்கின்றனர். அம்மனிதர் இராமானுஜமே. உலகம் ஒதுக்கிய தம்மை அங்கே அரசராகக் கண்டுகொண்டார்.

1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே அவர் வாழ்வு முடிந்தது. கலை அவருடைய நோயைத் தீர்க்கவில்லை; தாம் யார் என்பதை அவருக்குக் காட்டிற்று. சொல் தடுமாறும் வேளையில் கவிஞர் நினைக்கத்தக்க வாழ்வு அது.