ஆற்றையும் படித்த விஞ்ஞானி

விண்மீன்களின் ஒளியை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற மேகநாத சாகா, வங்கத்தின் வெள்ளத் துயருக்கும் விடை தேடியவர் என்பதைப் பலர் அறியார்.

1893ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள், டாக்காவை அடுத்த சிற்றூர் ஒன்றில், எளிய மளிகைக் கடைக்காரரின் மகனாக அவர் பிறந்தார். ஆறுகள் சூழ்ந்த அந்நாட்டில் வெள்ளம் அவருக்கு இளமையிலேயே அறிமுகமாயிற்று. ஊரில் மேற்படிப்புக்கு வழியில்லை. மருத்துவர் ஒருவர் தம் இல்லத்தில் இடமளித்ததால் படிப்புத் தொடர்ந்தது. 1905இல் ஆளுநரின் வருகையைப் புறக்கணித்ததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார், உதவித்தொகையும் போயிற்று. ஆயினும் அவர் கல்வியை விட்டாரில்லை. 1920இல் வெளியான அவரது அயனியாக்கச் சமன்பாடு வானியற்பியலுக்குப் புதுவழி வகுத்தது.

1922இல் வட வங்கத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. ஆசான் பிரபுல்ல சந்திர ராய் நடத்திய நிவாரணப் பணியில் சாகாவும் தோள் கொடுத்தார். அரிசியும் துணியும் அன்றைய துயரைத் தணிக்கும். அடுத்த வெள்ளத்தைத் தடுக்குமா? ஆறுகளை முறையாக அளந்து ஆராயும் ஆய்வுக்கூடம் வேண்டுமென அவர் தொடர்ந்து வற்புறுத்தினார். 1935இல் தாம் தொடங்கிய 'சயன்ஸ் அண்டு கல்ச்சர்' இதழையும் அதற்குக் களமாக்கினார்.

1943 ஜூலையில் தாமோதர் ஆறு கரையை உடைத்தது. ரயில் பாதை அறுந்தது. போர் நடந்துகொண்டிருந்த வேளையில் கல்கத்தாவின் போக்குவரத்து முடங்கியது. வங்க அரசு பர்துவான் மகாராஜாவின் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. சாகா அதில் உறுப்பினரானார்.

சிக்கல் எங்கே இருந்தது? மழை கொட்டும் மேட்டு நிலம் பீகாரில். வெள்ளம் பாயும் சமவெளி வங்கத்தில். ஒரு மாகாணம் மட்டும் கரையை உயர்த்திப் பயனில்லை. அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தைப் போல, ஆற்றுப்படுகை முழுவதையும் ஒரே அமைப்பு ஆள வேண்டும் என்பதே அவர் கண்ட தீர்வு. மத்திய அரசில் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்த டாக்டர் அம்பேத்கர், மாகாணங்களைக் கூட்டிப் பேசி இதனை முன்னெடுத்தார். அரசியல் நிர்ணய சபை இயற்றிய சட்டத்தின்படி 1948 ஜூலை 7ஆம் நாள் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் தோன்றியது.

டென்னசியிலிருந்து வந்த பொறியாளர் வூர்டுயின் வகுத்தது எட்டு அணைகளுக்கான திட்டம். கழகம் கட்டியவையோ நான்கே: திலையா (1953), கோனார் (1955), மைத்தான் (1957), பாஞ்செத் (1959). வெள்ளத்தின் வேகம் குறைந்தது. ஆனால் முற்றிலும் ஒழியவில்லை. 1978இல் பெருவெள்ளம் மீண்டும் வந்தது. நல்ல திட்டத்தைப் பாதியில் நிறுத்தினால் பாதுகாப்பும் பாதியாகவே நிற்கும் என்பதற்கு இது சான்று.

1952இல் சாகா சுயேச்சையாக நாடாளுமன்றம் சென்றார். 1956 பிப்ரவரி 16ஆம் நாள், தில்லியில் திட்டக்குழு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் மாரடைப்பால் மறைந்தார்.

வெள்ளத்தில் இறங்கி உதவுவது கருணை. அவ்வெள்ளம் ஏன் வந்தது என்று கேட்டு, அரசையும் கேட்க வைப்பது கல்வி. மாணவத் தோழர்களே, சாகாவின் வாழ்வில் இவ்விரண்டும் இணைந்திருந்தன. நம் வாழ்விலும் அவை இணையட்டும்!